மூன்று நடிகர்கள், ஒரு கதவு, பகல் வெயில்: ஏதென்சில் நாடகம் எப்படி நடந்தது?

வாசிப்புமேசை | சனி, இரவு 9.10

வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆறு பேர். மாதம் ஒரு நாடகத்தை எடுத்து, பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டு சத்தமாக வாசிப்போம். இந்த மாதம் பழைய கிரேக்கக் கவிஞர் ஈஸ்கிலசின் ‘அகமெம்னான்’. வரிகள் பிடித்துப்போயின. ஆனால் கண்ணுக்குள் எதுவும் ஓடவில்லை.

ஒரு இடம் சொல்கிறேன். டிராய் போரில் வென்று திரும்பும் அகமெம்னானின் தேரில் கசாண்ட்ராவும் இருக்கிறாள். சிறைபிடித்துக் கொண்டுவந்த இளவரசி. வந்ததிலிருந்து கிட்டத்தட்ட 300 வரிக்கு அவளுக்கு ஒரு சொல்கூட இல்லை. அவள் பகுதியை வாசிக்க வேண்டிய அக்கா நடுவில் எழுந்துபோய் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தார். யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. அப்புறம் அவள் வாய் திறந்ததும் ‘இவள் இங்கேயா இருந்தாள்?’ என்று எல்லோரும் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினோம். இவ்வளவு பெரிய கவிஞர் இதைத் தெரியாமலா செய்திருப்பார்?

அன்று இதை எங்கே, எப்படி நடத்தினார்கள்? எத்தனை பேர் நடித்தார்கள்? கோரஸ் என்று போட்டிருக்கிறதே, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்களா? என் மனதில் இருப்பதெல்லாம் கிரேக்கத்தின் எபிடாரஸ் ஊர் அரங்கின் படம்தான்: வட்டமான தரை, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கல் படிகள். அது சரியா?

பழஞ்சுவடி | சனி, இரவு 10.25

முதலில் நாளும் இடமும். ‘அகமெம்னான்’ அரங்கேறியது கி.மு. 458 வசந்தத்தில், மதுத் தெய்வம் டயோனிசசுக்கு ஏதென்ஸ் எடுத்த பெரிய டயோனிசியா விழாவில். நம் கணக்கில் மார்ச் கடைசியை ஒட்டி வரும். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் மக்கள் உட்கார்ந்திருப்பார்கள், கீழே தரையில் ஆட்டம், அதற்குப் பின்னால் டயோனிசஸ் கோயில். கூரையோ விளக்கோ திரையோ கிடையாது. காலையில் தொடங்கிவிடுவார்கள். ஒரு கவிஞருக்கு ஒரு நாள்: மூன்று துன்பியல் நாடகங்கள், அவை முடிந்ததும் குதிரைவால் கட்டிய சாட்டிர்கள், அதாவது பாதி மனிதர் பாதி விலங்கான வனவாசிகள், ஆடும் ஒரு கேலி நாடகம். இப்படி மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள். பத்து நடுவர்களையும் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள்.

நாடகம் போட நினைக்கும் கவிஞர் ஆர்க்கோன் என்ற அதிகாரியிடம் போய் ‘கோரஸ் கேட்க’ வேண்டும். கோரஸ் என்றால் நாடகத்தில் பாடி ஆடும் குழு. அவர் கொடுத்தால்தான் நாடகம் உண்டு. ஒரு நாடகத்துக்கு அனுமதி என்றாலே அவர்கள் மொழியில் கோரஸ்தான். அப்புறம் ஒரு பணக்காரக் குடிமகனை கோரேகோஸ் என்று நியமிப்பார்கள். பாடகர்களுக்குப் பயிற்சி, உடை எல்லாம் அவர் செலவு. இது ஒருவகை வரி, ஆனால் ஊரே பார்க்கச் செலவழிக்கும் வரி. கி.மு. 472-இல் ஈஸ்கிலசின் ‘பாரசீகர்’ நாடகத்துக்குக் கோரேகோசாக இருந்தவர், பின்னாளில் ஏதென்சின் தலைவரான இளைஞர் பெரிக்ளிஸ். கி.மு. 411-ஐ ஒட்டி ஒருவர் துன்பியல் கோரஸ் ஒன்றுக்குத் தான் 3,000 திராக்மா செலவழித்ததாக நீதிமன்றத்தில் சொன்ன பேச்சு, வழக்குரைகள் எழுதிக்கொடுத்த லிசியாசின் உரைகளில் இருக்கிறது. அதே காலத்தில் அக்ரோபோலிசில் எரெக்தியோன் கோயிலைக் கட்டிய கைவினைஞருக்குக் கூலி நாளுக்கு ஒரு திராக்மா. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செலவும் உழைப்பும் அந்த விழாவில் பொதுவாக ஒரே ஒரு அரங்கேற்றத்துக்கு. கோடையில் ஆர்க்கோன் பதவியேற்றதுமே கோரேகோஸ்களை நியமித்துவிடுவார், விழா அடுத்த வசந்தத்தில். நாடகம் போடுவதைக் குறிக்க அவர்கள் பயன்படுத்திய சொல்லே ‘கற்றுக்கொடுப்பது’ என்பதுதான். கவிஞரே வாத்தியார். அவர்தான் குழுவுக்கு அடவும் பாட்டும் சொல்லிக்கொடுப்பார்.

கல்தச்சன் | ஞாயிறு, காலை 7.40

எபிடாரஸ் பற்றி நான் சொல்கிறேன். கட்டடத் துறையில் இருக்கிறேன், அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் அது கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. மற்ற இரண்டு பெரிய துன்பியல் கவிஞர்களான சோபோக்ளீசும் யூரிப்பிடிசும் இறந்தது கி.மு. 406-இல், ஈஸ்கிலஸ் அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே போய்விட்டார். மூவரில் ஒருவரும் அந்த அரங்கைப் பார்த்ததில்லை.

ஏதென்சில் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் கல் இருக்கைகளும் அப்படித்தான். அவை ஏதென்சின் அரசியல் தலைவர் லிக்கர்கஸ் காலம், கி.மு. 330-களை ஒட்டியவை. கீழே பளிங்குத் தரை ரோமர்கள் போட்டது. ஈஸ்கிலசின் பார்வையாளர்கள் சரிவில் அடித்த மரப்பலகைகளில் உட்கார்ந்தார்கள். ஆடுகளம் வட்டமாக இருந்ததா என்பதிலேயே இன்னும் சண்டை. வெள்ளிச் சுரங்கப் பகுதியில் தோரிக்கோஸ் என்ற ஊரில் ஒரு பழைய அரங்கு இருக்கிறது, அங்கே களம் நேர்கோட்டு ஓரங்களோடு ஏறக்குறைய செவ்வகமாக இருக்கிறது. ஏதென்சிலும் தொடக்கத்தில் அப்படித்தான் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே நம்பும்படி இருக்கிறது. மரப்பலகையை நேராக அடுக்குவது எளிது, வளைத்து அடுக்குவது பெரும்பாடு.

கூட்டத்தின் அளவும் அப்படியே. பிளேட்டோவின் ‘விருந்து’ நூலில் 30,000 பேர் என்று வருகிறது. மரப்பலகைக் காலத்துக்கு இன்றைய ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு 4,000 முதல் 7,000 வரை.

இன்னொன்று. எபிடாரசில் கீழே காசைப் போட்டால் கடைசிப் படியில் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 2017-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் கருவிகளை வைத்து அளந்தார்கள். காசு விழும் ஓசை மேலே எட்டும், ஆனால் அது காசு என்று அடையாளம் தெரிவது பாதித் தூரம்வரைதான். கிசுகிசுப்பது முன்வரிசைக்குத்தான் புரியும். குரலை எடுத்துப் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். அதாவது கல் மட்டும் வேலை செய்யாது, நடிகரின் தொண்டையும் வேலை செய்ய வேண்டும்.

வாசிப்புமேசை | ஞாயிறு, காலை 9.05

என் படம் மொத்தமாகக் கலைந்துவிட்டது, நன்றி அண்ணா. மரப்பலகை, வெயில், முன்னால் கோயில். அப்படியானால் கசாண்ட்ரா?

ஒத்திகை | ஞாயிறு, பகல் 12.30

கசாண்ட்ரா இடத்துக்காகவே உள்ளே வந்தேன். 20 வருடமாக மேடையில் இருக்கிறேன், மௌனத்தை இவ்வளவு துணிச்சலாகப் பயன்படுத்திய வேறு காட்சி எனக்குத் தெரியாது.

பேசும் நடிகர்கள் மூன்றே பேர், அத்தனை பேரும் ஆண்கள். தொடக்கத்தில் ஒரே நடிகர், இரண்டாமவரைக் கொண்டுவந்தவர் ஈஸ்கிலஸ், மூன்றாமவரைக் கொண்டுவந்தவர் சோபோக்ளீஸ் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். சோபோக்ளீஸ் விழாவில் முதல் பரிசு வாங்கியது கி.மு. 468. அப்படியானால் 458-இல் மூன்றாவது நடிகர் என்பது மக்களுக்கு இன்னும் புதுசு. மூவரும் முகமூடி மாற்றி மாற்றி எல்லாப் பாத்திரங்களையும் எடுப்பார்கள். இவர்கள் தவிர வசனமே இல்லாமல் நிற்கும் ஆட்கள் உண்டு: காவலர், பணிப்பெண்கள், சிறைப்பட்டவர்கள்.

இப்போது மரப்பலகையில் உட்கார்ந்து பாருங்கள். தேர் பக்கவாட்டு வழியாக உள்ளே வருகிறது. அகமெம்னான் பேசுகிறான். அரண்மனைக் கதவிலிருந்து அவன் மனைவி கிளிடெம்னெஸ்ட்ரா வருகிறாள். தரையில் செந்நீலத் துணியை விரிக்கச் சொல்கிறாள், அதன்மேல் நடந்து போ என்கிறாள். அவன் தயங்குகிறான், இணங்குகிறான், துணியை மிதித்துக்கொண்டு கதவுக்குள் போகிறான். அந்த நேரம் முழுக்கத் தேரில் ஒரு பெண் உருவம். முகமூடியில் எந்த அசைவும் இல்லை. பார்ப்பவர் என்ன நினைப்பார்? வசனமில்லாத ஆள், போரில் பிடித்த அடிமை, அவ்வளவுதான். உங்கள் அக்கா பால் காய்ச்சப் போனாரே, அன்றைய கூட்டமும் மனதளவில் அப்படித்தான் அவளை விட்டுவிட்டுப் போயிருக்கும்.

அப்புறம் கிளிடெம்னெஸ்ட்ரா மறுபடி வெளியே வந்து கசாண்ட்ராவை நேராகக் கூப்பிடுகிறாள். தேரைவிட்டு இறங்கு, உள்ளே வா. பதில் இல்லை. அந்நிய மொழிக்காரியோ, கையாலாவது சைகை காட்டு என்கிறாள். அதற்கும் பதில் இல்லை. சற்று முன்பு ஒரு அரசனைப் பேச்சாலேயே துணிமேல் நடக்கவைத்தவள், இந்தப் பெண்ணிடம் தோற்று உள்ளே போய்விடுகிறாள். அதன்பிறகுதான் அந்த உருவத்திலிருந்து ‘ஒதொதொதொதொய்’ என்று ஒரு ஓலம். சொல்லே இல்லை, வெறும் ஓசை. மூன்றாவது நடிகர் இத்தனை நேரம் அங்கேதான் இருந்தார்!

இந்தக் கதையைத் தொடரும் அடுத்த நாடகத்திலும் ஈஸ்கிலஸ் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறார். அகமெம்னானின் மகன் ஓரெஸ்டசின் நண்பன் பிலாடஸ் நாடகம் முழுக்க வாய் திறக்காமல் கூடவே நிற்கிறான். தாயைக் கொல்லும் நொடியில் ஓரெஸ்டஸ் திரும்பி, ‘பிலாடஸ், நான் என்ன செய்ய?’ என்று கேட்கிறான். பிலாடஸ் மூன்றே வரி பேசுகிறான். தாயைக் கொல்லச் சொன்ன அப்போலோ தெய்வத்தின் வாக்கு என்னாவது என்பதுதான் அவன் பதில். மூன்று நடிகர் என்ற விதியைக் குறை என்று நினைக்கிறோம். இந்த மனிதர் அந்த விதியிலிருந்தே இடியை இறக்கியிருக்கிறார்.

தாளக்கட்டு | ஞாயிறு, மாலை 4.15

கோரஸ் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை. ஆடலும் பாடலும் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் எனக்கு அதுதான் நாடகத்தின் நடுப்பகுதி. ஆடுகளத்துக்கு அவர்கள் வைத்த ஓர்கெஸ்த்ரா என்ற சொல்லுக்கே ஆடும் இடம் என்றுதான் பொருள்.

துன்பியலில் முதலில் 12 பேர், சோபோக்ளீஸ் 15 ஆக்கினார். நகைச்சுவை நாடகத்தில் 24. ஊர்க் குடிமக்கள், தொழில்முறை ஆட்கள் அல்ல. பெரும்பகுதியைப் பாடிக்கொண்டே ஆடினார்கள். கூடவே ஒரே ஒரு வாத்தியக்காரர், இரட்டைக் குழலான ஆலோசை ஊதிக்கொண்டு. சீவாளி வைத்து ஊதுவது, அதனால் புல்லாங்குழல் மாதிரி மென்மையாகக் கற்பனை செய்யாதீர்கள், உறைப்பான ஓசை.

எல்லோரும் ஒன்றாகப் பேசுவார்களா என்று கேட்டீர்கள். பாட்டென்றால் சேர்ந்து. நடிகரோடு வசனம் என்றால் குழுத் தலைவர் ஒருவர் பேசுவார் என்பதே பொதுவான கருத்து. ஆனால் உங்கள் நாடகத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உள்ளே மனைவி கையால் கொலையாகும் அகமெம்னான் அலறும்போது, கோரசாக வரும் ஊர் முதியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தத்தளிக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டிரண்டு வரியாகப் பன்னிரண்டு பேச்சு வரும். ஒருவருக்கு இரண்டு வரி. இத்தனை நேரம் ஒரே உடம்பாக ஆடிய குழு அந்த நொடியில் பன்னிரண்டு தனி மனிதர்களாக உடைகிறது, கதவைத் திறந்து உள்ளே போக ஒருவருக்கும் கால் வரவில்லை. 12 பேர் என்ற எண்ணிக்கைக்கு முக்கியமான சான்றும் இந்த இடம்தான்.

கசாண்ட்ரா காட்சியிலும் இசையைக் கவனிக்க வேண்டும். வழக்கமாகக் குழு பாடும், நடிகர் பேசுவார். இங்கே முதலில் அவள் பாடுகிறாள், முதியவர்கள் பேச்சு நடையில் பதில் சொல்கிறார்கள். போகப்போக அவர்களையும் பாட்டுக்குள் இழுத்துவிடுகிறாள். கடைசியில் அவள் அமைதியாகிப் பேச்சுக்கு வருகிறாள். அச்சிட்ட பக்கத்தில் இது எதுவும் தெரியாது. பாட்டு வரிகளும் பேச்சு வரிகளும் ஒரே எழுத்தில் கிடக்கின்றன.

அந்த இசை கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. யூரிப்பிடிசின் ‘ஓரெஸ்டஸ்’ நாடகத்தில் ஒரு ஏழு வரிப் பகுதிக்கு இசைக்குறிகளோடு பாப்பிரஸ் என்ற நாணல் தாளின் ஒரு கிழிந்த துண்டு வியன்னாவில் இருக்கிறது. மூன்று பெருங்கவிஞர்களின் அத்தனை பாட்டுகளும் போய், நமக்கு அந்த ஒரு துண்டாவது கிடைத்ததே என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

நெய்தல்_கரை | ஞாயிறு, இரவு 8.20

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. முகமூடியின் வாயில் ஒலிபெருக்கி மாதிரி ஒரு அமைப்பு இருந்ததாகவும், நடிகர்கள் உயரமான கட்டைச் செருப்பு போட்டார்கள் என்றும் படித்திருக்கிறேன். சரிதானா?

பழஞ்சுவடி | ஞாயிறு, இரவு 9.30

இரண்டும் பரவலாக நம்பப்படுபவை, இரண்டையும் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்குச் சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பானை ஓவியங்களில் நடிகர்கள் மெல்லிய தோல் காலணியோடு இருக்கிறார்கள், சிலர் வெறுங்காலோடு. தடித்த அடிப்பாகம் பிற்காலத்து வழக்கம். அதைப் பார்த்தவர்கள் முன்காலத்துக்கும் சேர்த்துவிட்டார்கள். ஒலிபெருக்கிக்கும் சான்று கிடையாது.

முகமூடிகள் விறைப்பாக்கிய துணியில் செய்தவை, தலைமுடியோடு சேர்த்துத் தலை முழுவதையும் மூடும். ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் இத்தாலியின் ரூவோவில் கிடைத்து இப்போது நேப்பிள்சில் இருக்கும் புரோனோமோஸ் பானையை, கி.மு. 400-ஐ ஒட்டியது, படத்திலாவது தேடிப் பாருங்கள். ஒரு சாட்டிர் நாடகக் குழு முழுவதும் அதில் இருக்கிறது. நடுவில் குழல்காரர் புரோனோமோஸ் உட்கார்ந்து ஊதுகிறார். சுற்றிலும் இளைஞர்கள் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாய் லேசாகத் திறந்த, சாதாரண மனித முகம். பிற்கால முகமூடிகளின் அலறும் வாய் அதில் இல்லை. கிரேக்கத்தில் முகத்துக்கும் முகமூடிக்கும் ஒரே சொல், புரோசோபோன்.

அந்த மக்கள் காது எவ்வளவு கூர்மை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கி.மு. 408-இல் ‘ஓரெஸ்டஸ்’ அரங்கேற்றத்தில் ஹெகெலோகஸ் என்ற நடிகர், ‘புயலுக்குப் பின் அமைதியைக் காண்கிறேன்’ என்ற வரியில் ஒரு சொல்லின் கடைசி அசையைச் சற்றே தவறாக ஒலித்துவிட்டார். அமைதி என்ற சொல் கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கின் பெயராகிவிட்டது. மூன்று வருடம் கழித்து நகைச்சுவைக் கவிஞர் அரிஸ்டோபேனஸ் ‘தவளைகள்’ நாடகத்தில் அதைக் குத்திக்காட்டுகிறார். அத்தனை ஆயிரம் பேரும் ஒரே அசையைப் பிடித்து, வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

கல்தச்சன் | ஞாயிறு, இரவு 10.10

கதவைப் பற்றி ஒரு சொல். ஸ்கேனே என்ற பின்கட்டு முதலில் மரத்தால் ஆனது, நடிகர்கள் உடை மாற்றும் கொட்டகை. அது அரண்மனையாக நின்று கதையில் பங்கு வகிப்பதற்கு நம்மிடம் உள்ள முதல் உறுதியான சான்று இதே கி.மு. 458 நாடகம்தான். தொடக்கத்தில் காவலன் அதன் கூரைமேல் படுத்து, டிராய் வீழ்ந்ததைச் சொல்லும் தீப்பந்த ஒளிக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பதாகச் சொல்கிறான். அவன் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவது பகல் வெளிச்சத்தில். இரவைச் சொல்லாலேயே கொண்டுவர வேண்டும்.

கொலை கதவுக்குப் பின்னால் நடக்கும், ஓலம் மட்டும் வெளியே வரும். அப்புறம் கதவு திறந்து உடல்கள் தெரியும். அதற்கு எக்கிகிளேமா என்ற சக்கரம் வைத்த பலகை. உள்ளே இருப்பதை அப்படியே வெளியே உருட்டிவிடுவார்கள். தெய்வங்கள் பறந்து வர மெக்கானே என்ற தூக்குமரம். அரிஸ்டோபேனசின் ‘அமைதி’ நாடகத்தில், கி.மு. 421, வண்டின்மேல் உட்கார்ந்து வானேறும் ஆள் நடுவானில் தூக்குமரக்காரரைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டு, பார்த்துப் பிடி என்று கத்துகிறான். யூரிப்பிடிசின் ‘மீடியா’ முடிவில் அவள் சூரியனின் தேரில் உயரத்தில் நிற்கும் இடத்தைக் காட்டி, முடிவு கதைக்குள்ளிருந்தே வர வேண்டும், மெக்கானேயிலிருந்து வரக்கூடாது என்று அரிஸ்டாட்டில் குறை சொன்னார். இதில் நான் யூரிப்பிடிஸ் பக்கம். தெய்வங்கள் நிற்க வேண்டிய உயரத்தில், பிள்ளைகளைக் கொன்ற தாய் நிற்கிறாள். கீழே தரையில் கணவன். அந்த உயர வித்தியாசம் இல்லாமல் அந்த முடிவே இல்லை. போட்டியில் அந்த வருடம், கி.மு. 431, அவருக்கு மூன்றாம் இடம்தான்.

நெய்தல்_கரை | திங்கள், காலை 6.50

பெண்கள் பார்க்க வந்தார்களா?

பழஞ்சுவடி | திங்கள், காலை 8.15

தீராத வழக்கு. துன்பியல் கவிதை ஆண், பெண், குழந்தை, அடிமை என எல்லோரும் கலந்த கூட்டத்திடம் பேசுகிறது என்று பிளேட்டோ ‘கோர்கியாஸ்’ உரையாடலில் எழுதுகிறார். அதை நேரடியாக எடுத்துக்கொண்டால் வந்தார்கள். ஆனால் நகைச்சுவை நாடகங்களில் கூட்டத்தைப் பார்த்துப் பேசும்போது ஆண்களை மட்டுமே அழைக்கிறார்கள். வந்தார்கள், ஆனால் விழா பேசியது ஆண்களிடம் என்பது என் எண்ணம்.

கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கி.மு. 494-இல் நட்பு நகரமான மிலேட்டசைப் பாரசீகர் அழித்தார்கள். அதைப் பற்றி பிரினிகஸ் என்ற கவிஞர் நாடகம் போட்டபோது அரங்கே அழுதது என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 திராக்மா அபராதம், அந்த நாடகத்தை இனி யாரும் போடக்கூடாது என்ற தடை வேறு.

ஒத்திகை | திங்கள், இரவு 9.45

முகமூடி பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அடுத்த மாதம் எதை எடுப்பது என்று யோசித்தால் யூரிப்பிடிசின் ‘பாக்கே’யை எடுங்கள். இளம் அரசன் பெந்தியசை அவன் தாய் அகாவேயே, வெறி ஏறிய நிலையில் சிங்கம் என்று நினைத்துக் கிழித்துப்போடுகிறாள். அவன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு ஆடி வருகிறாள். பாத்திரப் பங்கீட்டைக் கணக்கிட்டவர்கள் பெந்தியசும் அகாவேயும் ஒரே நடிகர் என்கிறார்கள். அவர் கையில் இருக்கும் தலை, பெந்தியசின் முகமூடி என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அதாவது அரை மணி நேரத்துக்கு முன் தான் அணிந்திருந்த முகத்தை அந்த நடிகர் கையில் பிடித்திருக்கிறார். அகாவேயின் தந்தை கட்மஸ் அவளிடம் கேட்கிறார், உன் கையில் இருப்பது யாருடைய முகம்? கேள்வியில் இருக்கும் சொல் அதே புரோசோபோன்தான்.

ஒத்திகைக்கு இந்த இடத்தை எடுத்தபோது எங்கள் நடிகர் மூன்று நாள் அந்த வரியைத் தாண்டவில்லை.

வாசிப்புமேசை | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இன்று ‘அகமெம்னானை’ மறுபடி வாசித்தோம், மொட்டைமாடியில், காலை ஏழு மணி வெயிலில். மூன்று பேர் மட்டும் எல்லாப் பாத்திரங்களையும் பங்கிட்டுக்கொண்டோம், மற்ற மூன்று பேரும் கோரஸ். படிக்கட்டு அறையின் கதவை அரண்மனைக் கதவாக வைத்துக்கொண்டோம். செந்நீலத் துணிக்கு அம்மாவின் பழைய பட்டுப்புடவை. அதை மிதிக்க அகமெம்னான் வாசித்தவருக்கு மனமே வரவில்லை, காலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். அப்புறம்தான் பார்த்தோம், நாடகத்திலும் அகமெம்னான் காலணியைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் துணிமேல் நடக்கிறான்.

கசாண்ட்ராவாக அதே அக்கா. இந்தமுறை கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒரு நாற்காலியில், எங்களுக்கு முன்னாலேயே, அசையாமல் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் நாங்கள் அவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். கிளிடெம்னெஸ்ட்ரா கூப்பிட்டுப் பதில் வராமல் கதவுக்குள் போனதும் அவர் எழுந்து அந்த ஓலத்தை எடுத்தார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா என்ன ஆச்சு என்று ஓடி வந்தார்கள். சொன்னோம். அங்கேயே நின்று கடைசிவரை கேட்டார்கள்.

ஒத்திகை அண்ணா, ‘பாக்கே’க்கு முகமூடி செய்ய வேண்டும். துணியை விறைப்பாக்கப் பழைய வேட்டியும் மைதாப் பசையும் போதுமா?